ரத்தம் போகும் வழியும் திரும்பும் வழியும்

பெரியவர் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் அளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் அதுவும் கிட்டத்தட்ட 5 லிட்டர். அதாவது, உடம்பில் உள்ள அத்தனை ரத்தமும் ஒரு நிமிடத்தில் இதயத்தைக் கடந்துவிடுகிறது. ஒரு நாள் கணக்குப் போட்டால் 7,000 லிட்டர் வரும். இவ்வளவையும் உடம்பு புதிது புதிதாக உண்டாக்க வழியே கிடையாது. போன ரத்தமேதான் திரும்பி வந்தாக வேண்டும்.

இது இன்று பள்ளிப் பாடம். ஆனால் 1,400 ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ உலகம் வேறு மாதிரி நம்பிக்கொண்டிருந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், சாப்பிடும் உணவிலிருந்து கல்லீரல் ரத்தத்தைத் தயாரிக்கிறது, உறுப்புகள் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன என்று எழுதினார். ஐரோப்பாவில் அதுவே வேதவாக்காக நின்றது. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில் அதை உடைத்தது மேலே சொன்ன மாதிரி ஒரு எளிய பெருக்கல் கணக்கு. ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தை எவ்வளவு குறைத்து மதிப்பிட்டாலும், அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் அளவு உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தைத் தாண்டிவிடுகிறது என்று அவர் காட்டினார். அப்படியானால் ரத்தம் சுற்றித்தான் வர வேண்டும். மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. நுண்ணோக்கி இல்லாமல் வெறும் கணக்கை வைத்தே ஒரு பெரிய உண்மையைப் பிடித்துவிட்டார்.

சரி, ரத்தம் சுற்றும் பாதையை முதலில் பார்த்துவிடுவோம். இதயத்தின் இடப்பக்கக் கீழறையிலிருந்து பெருந்தமனி கிளம்புகிறது. அது தமனிகளாகப் பிரிந்து, அவை நுண்தமனிகளாகப் பிரிந்து, கடைசியில் தந்துகிகள் என்னும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழல்களாகின்றன. தந்துகிகள் மறுபடி ஒன்றுசேர்ந்து நுண்சிரைகளாகி, சிரைகளாகி, மேலிருந்து ஒன்றும் கீழிருந்து ஒன்றுமாக இரண்டு பெருஞ்சிரைகள் வழியாக இதயத்தின் வலப்பக்க மேலறையில் வந்து சேர்கின்றன. இது உடல் சுற்று. வலப்பக்கம் வந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய், கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு இடப்பக்க மேலறைக்குத் திரும்புகிறது. இது நுரையீரல் சுற்று. இரண்டும் சேர்ந்தால் முழு வட்டம்.

இங்கே ஒரு குழப்பம் பலருக்கு வரும். பாடப்புத்தகப் படத்தில் தமனிக்குச் சிவப்பும் சிரைக்கு நீலமும் பூசியிருப்பார்கள். அதைப் பார்த்து, தமனி என்றால் நல்ல ரத்தம், சிரை என்றால் கெட்ட ரத்தம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோவது எதுவானாலும் அது தமனி. இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. திசையை வைத்துத்தான் இந்தப் பெயர்கள். நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம், நுரையீரல் சிரையில் வருவது ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். சிரை ரத்தம் நீலமும் இல்லை, அடர்சிவப்புதான். ரத்தப் பரிசோதனைக்கு ஊசி போடும்போது குழலில் ஏறுவது அதே சிரை ரத்தம்தானே. கையில் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தச் சிரைகள் நீலமாகத் தெரிவது, ஒளி தோலுக்குள் புகுந்து சிதறித் திரும்பும் விதத்தால் வரும் தோற்றம்.

இனி குழாய்களுக்கு வருவோம். குழாய் என்றதும் உயிரில்லாத, அசையாத ஒன்றை நினைத்துவிட வேண்டாம். ரத்தக்குழாயின் சுவர் உயிருள்ள திசு. அது விரியும், சுருங்கும், வேதிப்பொருள்களைச் சுரக்கும், வயதாகும். இதயம் ரத்தத்தைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று பங்கிடுவது பெரும்பாலும் குழாய்களின் வேலை. தந்துகி தவிர மற்றக் குழாய்களின் சுவரில் பொதுவாக மூன்று அடுக்குகள் உண்டு. ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்பூச்சு எண்டோதீலியம், அது ஒற்றைச் செல் தடிமன்தான். நடுவில் சுருங்கித் தளரும் மென்தசையும், இழுபட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பும் மீள்நார்களும். வெளியே உறுதியான இணைப்புத் திசு. இந்த அடுக்குகளின் விகிதம் இடத்துக்கு இடம் மாறுவதால்தான் ஒவ்வொரு வகைக் குழாயும் ஒவ்வொரு வேலை செய்கிறது.

பெருந்தமனியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். சுவரில் மீள்நார்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இதயம் சுருங்கி 70 மில்லிலிட்டரை ஒரே தள்ளாகத் தள்ளும்போது, அது அத்தனையும் உடனே முன்னே ஓடிவிடுவதில்லை. ஒரு பகுதி பெருந்தமனியை உப்ப வைத்து அங்கேயே தங்குகிறது. இதயம் தளர்ந்து ஓய்வெடுக்கும் அந்த நொடிப் பின்னத்தில், உப்பிய சுவர் பழைய நிலைக்குத் திரும்பி, தங்கிய ரத்தத்தை முன்னே தள்ளுகிறது. இதயம் விட்டு விட்டுத் துடித்தாலும் உறுப்புகளுக்கு ரத்தம் விடாமல் போய்க்கொண்டிருப்பது இதனால்தான்.

பி.பி. பார்க்கும்போது சொல்லும் இரண்டு எண்களும் இங்கிருந்தே வருகின்றன. 120/80 என்றால், இதயம் சுருங்கும்போது தமனியில் அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசம், தளரும்போது 80. தளரும்போதும் அழுத்தம் பூஜ்ஜியத்துக்கு இறங்கவில்லை பாருங்கள், அது மீள்சுவரின் உபயம். வயது ஏற ஏற மீள்நார்கள் தேய்ந்து சுவர் விறைக்கிறது. உப்பி இடம் கொடுக்க முடியாததால் மேல் எண் ஏறுகிறது. முதியவர்கள் பலருக்கு மேல் எண் மட்டும் உயர்ந்து கீழ் எண் அப்படியே இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே.

தமனி அழுத்தம் எவ்வளவு வலுவானது என்பதை முதலில் அளந்து காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைச் செங்குத்தாகப் பொருத்தினார். ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. 1733-இல் இதை அவர் வெளியிட்டார். மனிதருக்குரிய 120 மில்லிமீட்டர் பாதரசத்தை நீருக்கு மாற்றிப் பார்த்தால் ஒன்றரை மீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலான உயரம் வரும். தமனி வெட்டுப்பட்டால் ரத்தம் பீய்ச்சி அடிப்பதும், சிரை வெட்டுப்பட்டால் வழிந்து ஓடுவதும் இந்த அழுத்த வேறுபாட்டால்தான். ஆனால் வலப்பக்க இதயம் நுரையீரலுக்கு அனுப்பும் அழுத்தம் இதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான், 25/10 அளவில். நுரையீரலின் காற்றறைகளைச் சுற்றியுள்ள தந்துகிச் சுவர்கள் அவ்வளவு மெல்லியவை. அங்கே அழுத்தம் கூடினால் நீர் காற்றறைக்குள் கசிந்து மூச்சு முட்டும்.

மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக நாடி பிடித்துப் பார்க்கும்போது விரலில் தட்டுவது எது? இதயம் இப்போது தள்ளிய ரத்தம் அதற்குள் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது என்று தோன்றும். அப்படி இல்லை. தமனிச் சுவர் வழியாக ஓடிவரும் அழுத்த அலை அது. அலை நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் வருகிறது. ரத்தம் அதைவிட மிக மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

அடுத்தது நுண்தமனி. ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்திப் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் அதற்குக் குறைவுமான விட்டம். ஆனால் சுவரில், தன் அளவுக்கு மீறிய மென்தசை. தமனியில் சராசரியாக 90-க்கு மேல் இருக்கும் அழுத்தம் இந்தக் குழல்களைக் கடந்து தந்துகிக்குள் நுழையும்போது 35 அளவுக்கு இறங்கிவிடுகிறது. வழியில் இவ்வளவு பெரிய இறக்கம் வேறெங்கும் இல்லை.

இதன் சக்தி எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், குழாயின் ஆரத்தில். பாய்சொய் என்ற பிரெஞ்சு மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் மெல்லிய கண்ணாடிக் குழல்களில் திரவங்களை ஓடவிட்டு ஒரு விதியைக் கண்டார். மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால், ஓடும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதாவது ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரம் 20 சதவீதம் கூடினாலே ஓட்டம் இரண்டு மடங்காகிவிடும். ரத்தம் வெறும் நீர் மாதிரி ஓடுவதில்லை என்பதால் இந்த விதி உடம்பில் அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனாலும், மென்தசை லேசாகச் சுருங்கினால், லேசாகத் தளர்ந்தால், ஓர் உறுப்புக்குப் போகும் ரத்தம் ஏன் இப்படித் தலைகீழாக மாறுகிறது என்பது இதில் விளங்கிவிடுகிறது.

நீங்கள் ஓட ஆரம்பித்தால் என்ன நடக்கிறது பாருங்கள். ஓய்வில் தசைகளுக்குப் போவது மொத்த ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கடுமையாக ஓடும்போது இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டரையும் தாண்டித் தள்ளும். அதில் 80 சதவீதத்துக்கு மேல் தசைகளுக்குப் போகும். யார் இதை மாற்றிவிட்டது? உழைக்கும் தசையில் ஆக்சிஜன் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடும் அமிலமும் சேர்கின்றன. அந்த வேதி மாற்றமே பக்கத்தில் உள்ள நுண்தமனியின் தசையைத் தளர்த்துகிறது. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்காமல், பசி உள்ள இடமே கதவைத் திறந்துகொள்கிறது. அதே நேரத்தில் மூளையிலிருந்து வரும் நரம்புக் கட்டளை குடலின் நுண்தமனிகளையும் சிறுநீரகத்தின் நுண்தமனிகளையும் சுருக்குகிறது. மூளைக்குப் போகும் ரத்தத்தில் மட்டும் யாரும் கைவைப்பதில்லை. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் அளவில் அது பெரிதாக மாறாமல் போய்க்கொண்டிருக்கும். குளிரில் விரல் வெளுப்பதும், வெயிலில் முகம் சிவப்பதும் இதே நுண்தமனிகள் தோலில் செய்யும் வேலைதான்.

எண்டோதீலியம் இதில் வெறும் பார்வையாளர் கிடையாது. ரத்தம் உரசிச் செல்லும் வேகத்தை உணர்ந்து, நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து பக்கத்துத் தசையைத் தளர்த்துகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரோகிளிசரின் மாத்திரை வேலை செய்வதும் இதே வாயுவை உண்டாக்கித்தான்.

ஹார்விக்கு ஒரு கண்ணி கிடைக்காமலே போனது. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படிப் போகிறது? போகிறது என்று கணக்கு சொன்னது, ஆனால் கண்ணால் காட்ட முடியவில்லை. அவர் 1657-இல் இறந்தார். நான்கே ஆண்டுகளில், 1661-இல், இத்தாலியில் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது தந்துகிகள் தெரிந்தன.

உண்மையில் இந்த ஏற்பாடு முழுவதும் தந்துகிக்காகத்தான். ஆக்சிஜனும் சத்தும் செல்லுக்குப் போவதும், கழிவு ரத்தத்துக்கு வருவதும் இங்கேதான். தமனிகளும் சிரைகளும் ரத்தத்தை இங்கே கொண்டுவரவும் திரும்ப எடுத்துப்போகவும் இருக்கின்றன. தந்துகியின் சுவர் ஒற்றை அடுக்கு எண்டோதீலியச் செல்களும் அதைத் தாங்கும் மெல்லிய சவ்வும்தான். விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ரத்தச் சிவப்பணுவின் விட்டமும் ஏறக்குறைய அதே அளவு. அதனால் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில், பல இடங்களில் உடலை வளைத்து நெளித்துக்கொண்டு, சுவரை ஒட்டியபடி நுழைந்து போகின்றன. ஆக்சிஜன் கடக்க வேண்டிய தூரம் அந்த அளவுக்குக் குறைகிறது.

வேகமும் இங்கே அடங்கிவிடுகிறது. ஒடுங்கிய கால்வாயில் விரைந்து வரும் நீர் அகன்ற ஏரிக்குள் நுழைந்ததும் நகர்வதே தெரியாமல் போகும் அல்லவா, அதே மாதிரிதான். ஒரு தந்துகி மிகச் சிறியது. ஆனால் எல்லாத் தந்துகிகளின் குறுக்குப் பரப்பையும் கூட்டினால் அது பெருந்தமனியின் பரப்பைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. பெருந்தமனியில் நொடிக்குப் பல சென்டிமீட்டர் போன ரத்தம் தந்துகியில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ நகர்கிறது. கொடுத்து வாங்க அந்த நேரம் போதும்.

ஒரு விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் ஓரிரு நொடிகளில் மறுபடி சிவக்கும். தந்துகிகளுக்குள் ரத்தம் திரும்பி நிறைவதைத்தான் பார்க்கிறீர்கள். அவசரப் பிரிவில் மருத்துவர்கள் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று சட்டெனத் தெரிந்துகொள்ள இதைச் செய்து பார்ப்பார்கள்.

தந்துகிகளும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. கல்லீரலில் பெரிய புரதங்களே உள்ளே வெளியே போய்வரும் அளவுக்கு இடைவெளி இருக்கும். மூளையில் செல்களின் ஓரங்கள் இறுக்கித் தைத்ததுபோல் மூடியிருக்கும், பல மருந்துகள் மூளைக்குள் போக முடியாமல் நின்றுவிடுவது அதனால். கண்ணின் கருவிழிக்கு முன்னுள்ள ஒளிபுகும் படலத்தில் தந்துகியே கிடையாது. இருந்தால் பார்வையை மறைக்கும். அது ஆக்சிஜனை வெளிக்காற்றிலிருந்து கண்ணீரின் வழியாக எடுத்துக்கொள்கிறது.

தந்துகியிலிருந்து கொஞ்சம் நீர் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு நாளில் அப்படிச் சேரும் சில லிட்டர் நீரை நிணநீர்க் குழாய்கள் வாரிக்கொண்டுபோய்க் கழுத்தடியில் உள்ள சிரைகளில் மறுபடி சேர்க்கின்றன. இது தடைபட்டாலும் சரி, கசிவு அதிகமானாலும் சரி, கால் வீங்கும்.

இனி திரும்பும் வழி. தந்துகியைக் கடந்த ரத்தத்தில் அழுத்தம் மிகக் குறைவு. சிரையின் சுவரும் மெலிது, தொளதொளவென்று இருக்கும். அதனால் நிறைய ரத்தத்தை அது தன்னிடம் வைத்துக்கொள்ளும். எந்த நேரத்தில் பார்த்தாலும் உடம்பின் ரத்தத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு மேல் சிரைகளில்தான் இருக்கிறது. ரத்தம் இழக்க நேர்ந்தால் சிரைகள் சுருங்கி இந்தக் கையிருப்பை இதயத்துக்குத் தள்ளிவிடும்.

காலிலிருந்து இதயம்வரை ரத்தம் மேலே ஏறியாக வேண்டுமே? கை கால் சிரைகளில் ஒரு திசையில் மட்டும் திறக்கும் வால்வுகள் இருக்கின்றன. ஹார்விக்கு ஆசிரியராக இருந்த ஃபாப்ரிசியஸ் அவற்றை விவரித்திருந்தார், ஆனால் அவை எதற்கு என்பதைச் சரியாகப் பிடித்தவர் ஹார்விதான். அவர் செய்து காட்டியதை நீங்களும் செய்து பார்க்கலாம். மேல்கையைச் சுற்றி ஒரு துணியை மிதமாகக் கட்டினால் முன்கைச் சிரைகள் புடைக்கும். அங்கங்கே சின்ன முடிச்சுபோல் தெரிபவை வால்வுகள். முடிச்சுகள் இல்லாத ஓரிடத்தில் ஒரு விரலால் சிரையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக, அடுத்த முடிச்சைத் தாண்டி வழித்துவிடுங்கள். வழித்த இடம் காலியாகவே கிடக்கும், மேலிருந்து ரத்தம் இறங்காது. கீழே அழுத்தியிருந்த விரலை எடுத்ததும் உடனே நிறைந்துவிடும். பார்த்து முடித்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

வால்வு திரும்பி வராமல் தடுக்கும், சரி. மேலே தள்ளுவது யார்? பெரும்பாலும் கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி, தனக்குள் இருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்புகிறது. அசையாமல் நிற்கும்போது பாதத்துச் சிரையில் அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்குப் போகும். நடந்தால் 30-க்கும் கீழே இறங்கிவிடும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, அதுவும் ரத்தத்தை இதயத்தை நோக்கி இழுக்கிறது. வால்வுகள் பழுதானால் ரத்தம் கீழே தேங்கி, சிரைகள் சுருண்டு புடைத்துத் தெரியும். நெடுநேரம் காலை அசைக்காமல் உட்கார்ந்தே இருந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நீண்ட பயணத்தில் அவ்வப்போது எழுந்து நடக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கடைசியாக, தமனி அடைப்பைப் பற்றிக் கொஞ்சம். உயர் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு இவையெல்லாம் எண்டோதீலியத்தைக் காயப்படுத்துகின்றன. காயப்பட்ட இடத்தில் கொழுப்பு சுவருக்குள் புகுந்து, அழற்சி உண்டாகி, ஆண்டுக்கணக்கில் படிந்து தடிக்கிறது. பிறகு ஏன் இத்தனை நாள் ஒன்றும் தெரியவில்லை என்று பலரும் கேட்பார்கள். அதற்கான பதில் மறுபடி நுண்தமனியில்தான் இருக்கிறது. இதயத்துக்குத் தனித் தமனிகள் உண்டு, பெருந்தமனியின் முதல் கிளைகள் அவை. அதில் ஒன்று ஒடுங்கும்போது அதற்குக் கீழே உள்ள நுண்தமனிகள் விரிந்து ஈடுகட்டிவிடுகின்றன. அதனால் பாதி விட்டம் போனாலும் சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஆனால் விரிய வேண்டியதெல்லாம் ஏற்கெனவே விரிந்துவிட்டது. படியேறும்போது இதயம் கூடுதல் ரத்தம் கேட்டால் கொடுக்கக் கையிருப்பு இல்லை. அப்போதுதான் நெஞ்சில் பாரம் வைத்தது மாதிரி இறுக்கம் வருகிறது, நின்றால் அடங்குகிறது.

அடங்கிவிட்டதே என்று பலர் அதை வாயு என்று விட்டுவிடுகிறார்கள். உழைத்தால் வந்து ஓய்வெடுத்தால் போகும் இறுக்கத்தைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சும்மா இருக்கும்போதே வந்தாலோ, சில நிமிடங்களில் அடங்காவிட்டாலோ, வியர்வையோ மூச்சுத்திணறலோ கூட வந்தாலோ, காத்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.